குரூப் படிவத்தில் கையெழுத்திடும் முன்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தாய் தம் மகளை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். பதினொன்றாம் வகுப்பு, முதல் குரூப் (கணிதமும் அறிவியலும் கொண்ட பாடப்பிரிவு). இயற்பியலிலும் கணிதத்திலும் தோல்வி. பள்ளி நாட்களில் மட்டும் தலைவலி. தாயை வெளியே அமரச் சொல்லிவிட்டு (மாணவரிடம் தனியே பத்து நிமிடமாவது பேசாமல் பெற்றோருக்கு நான் பதில் சொல்வதில்லை) அவளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். தந்தையின் தக்காளிக் கணக்கைத் தானே எழுதுவதாகச் சொல்லி ஒரு நோட்டை நீட்டினாள். பெட்டி எண்ணிக்கை, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன், முன்பணத்தில் கழித்தது, கைக்கு வந்தது என்று கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகையைச் சரிபார்த்திருந்தாள். வணிகவியல் கேட்டவளுக்கு, சித்தப்பாவின் சொல்லால் முதல் குரூப் வாய்த்திருக்கிறது. இந்தக் கல்வியாண்டில் இப்படி என்னிடம் வந்த ஐந்தாவது பிள்ளை இவள்.

"முதல் குரூப் எடுத்தால் எதற்கு வேண்டுமானாலும் போகலாம்" என்பதை தருமபுரி மாவட்டத்தில் நான் கேட்காத நாளில்லை. இது தவறு. நீட் எழுத உயிரியலும், பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதமும் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பட்டயக் கணக்காளர் படிப்புக்கும் எந்தக் குரூப்பும் தடையில்லை, பட்டம் கேட்கும் டி.என்.பி.எஸ்.சி. அரசுப் பணித் தேர்வுகளில் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன குரூப் என்று எவரும் கேட்பதில்லை, பி.காம். சேர்க்கையிலோ பல கல்லூரிகளில் வணிகவியல் படித்தவர்களுக்கே முன்னுரிமை. பிடிக்காத பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறும் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவுகள் குறைவே. வணிகவியல் என்பது மதிப்பெண் குறைந்தவர்களுக்குத்தான் என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தோழி எடுத்த குரூப், உறவினர் வீட்டுப் பொறியாளர், ஓசூர் தொழிற்சாலையின் உடனடிச் சம்பளம், பக்கத்துப் பள்ளியில் இல்லாத பிரிவு, மாலையில் ஊர் திரும்பப் பேருந்து கிடைக்குமா என்ற அச்சம், இவையே இங்கு பல பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கின்றன. பேருந்துக் கவலை நியாயமானது. அதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். பணமில்லை என்று முடிவெடுக்கும் முன், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டையும், பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயையும் விசாரியுங்கள். தவறான குரூப் என்று தெரிந்தால் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரைப் பாருங்கள். அரையாண்டு கடந்தால் பெரும்பாலும் ஓராண்டு வீணாகும்.

வரும் சனிக்கிழமை அந்தச் சித்தப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். நோட்டையும் மறக்காமல் எடுத்து வரும்படி அவளிடம் கூறியிருக்கிறேன்.