கொடைக்கானலில் அளந்த கோடுகளும் அணுவின் உருவமும்

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 சனவரியில் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளி ஒன்றின் நிறமாலையை, அதாவது அலைநீளவாரியாகப் பிரித்த ஒளிப்பட்டையைப் பதிவு செய்தபோது, அதிலிருந்த கருங்கோடுகள் தம் வழக்கமான இடத்திலிருந்து மிகச் சிறிதளவு விலகியிருப்பதைக் கண்டார். ஒளியின் மூலம் நகர்ந்தால் அதன் கோடுகளின் அலைநீளமும் சிறிது மாறும்; புள்ளியைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில் வாயு நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அந்த விலகலின் பொருள். நொடிக்கு 2 கிலோமீட்டர் என்றால், கோட்டின் அலைநீளம் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அவ்வளவு நுட்பமாக அளக்கப்பட்ட அந்தக் கோடுகள் ஏன் அந்தந்த அலைநீளத்தில் தோன்றுகின்றன என்பதற்கு, அன்று உலகில் எவரிடமும் விடை இல்லை.

அணு மாதிரிகளின் வரலாறு நம் பாடநூல்களில் பெரும்பாலும் தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்ற வரிசையிலேயே சொல்லப்படுகிறது. வரிசை சரிதான். ஆயினும் ஒவ்வொரு மாதிரியையும் கடுமையாகச் சோதித்தவை இந்த நிறமாலைக் கோடுகளே என்பது அதில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

எலக்ட்ரானை 1897-இல் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சன், நேர்மின்னூட்டம் பரவிய ஒரு கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருப்பதாக 1904-இல் ஒரு மாதிரியை விளக்கினார். ஒரே எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் இம்மாதிரிப்படி ஒரே அதிர்வெண்ணில்தான் ஊசலாட முடியும். ஆனால் ஹைட்ரஜனோ 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர் என ஒரு கோட்டு வரிசையையே காட்டுகிறது; அவ்வரிசைக்கு 1885-இலேயே பால்மர் எளிய சூத்திரம் ஒன்றை எழுதியிருந்தார்.

எவர்ஷெட் கொடைக்கானலில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்த அதே 1909-ஆம் ஆண்டில், மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் உலோகத் தகடுகளின் மீது, கதிரியக்கத்தில் வெளிப்படும் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தி, அவற்றுள் மிகச் சில திரும்பித் தெறிப்பதைக் கண்டனர். அதிலிருந்து ரூதர்ஃபோர்டு 1911-இல் அணுக்கருவை முன்வைத்தார். நிறமாலையைப் பொறுத்தவரை இம்மாதிரி நிலைமையை இன்னும் மோசமாக்கியது எனலாம்: கருவைச் சுற்றும் எலக்ட்ரான், அன்றைய மின்காந்தவியலின்படி, இடைவிடாது ஒளியை உமிழ்ந்து நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கருவில் விழுந்துவிட வேண்டும், அவ்வாறு விழும்போது கூர்மையான கோடுகள் அல்ல, தொடர்ச்சியான ஒளியே வர வேண்டும்.

இந்த முடிச்சை 1913-இல் நீல்ஸ் போர் அவிழ்த்தார். கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பூம்பாறைச் சரிவில், பூண்டு விளையும் அடுக்கு வயல்களில், ஒருவர் இந்த அடுக்கிலோ அடுத்த அடுக்கிலோ நிற்கலாம். இடையில் நிற்க இடமில்லை. எலக்ட்ரானின் ஆற்றலும் அவ்வாறே என்றார் போர். ஆனால் ஹைட்ரஜனின் அடுக்குகள் மேலே செல்லச் செல்ல நெருங்குகின்றன: கருவிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்க முதல் மட்டத்தில் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டும் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), இரண்டாவதில் 3.4-உம், மூன்றாவதில் 1.51-உம் தேவை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது வெளிப்படும் 1.89 எலக்ட்ரான் வோல்ட்டே 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளி. பால்மர் சூத்திரத்துக்குக் காரணம் கிடைத்தது.

இதன் பயனைச் சூரிய இயற்பியலில் மிக அழகாக எடுத்துக்காட்டியவர் இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா என்பது என் கருத்து. கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாகச் சூரியன் கால்சியத்தின் 393.4 நானோமீட்டர் கோட்டில் படமெடுக்கப்பட்டு வந்தது. அது முழுக் கால்சியம் அணுவின் கோடு அன்று. ஓர் எலக்ட்ரானை இழந்த அணுவின் கோடு. வெப்பநிலை உயர்வதால் மட்டுமன்றி, அழுத்தம் குறைவதாலும் அணுக்கள் எளிதில் எலக்ட்ரானை இழக்கின்றன என்று 1920-இல் சாகா கணக்கிட்டுக் காட்டினார். சூரியனின் அடர்த்தி குறைந்த மேல் அடுக்கில் அக்கோடு ஏன் அத்தனை வலுவாக இருக்கிறது என்பது அதனால் விளங்கியது.

ஆயினும் போரின் மாதிரி இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியத்திலேயே தோற்றது. காந்தப்புலத்தில் கோடுகள் பிளவுபடுவதை 1896-இல் ஜீமன் கண்டிருந்தார். 1908-இல் சூரியப் புள்ளிகளிலும் ஹேல் அதனைக் கண்டார். பல கோடுகள் எதிர்பார்த்த மூன்றாக அன்றி, அதற்கும் மேற்பட்டவையாகப் பிளந்தன. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி எனும் பண்பு உண்டு என 1925-இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்மொழிந்த பிறகே இந்தப் பிளவை விளக்க வழி பிறந்தது. அடுத்த ஆண்டு ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வட்டப்பாதைகளையே நீக்கி, எலக்ட்ரான் எங்கே காணப்படக்கூடும் என்ற நிகழ்தகவை மட்டும் தந்தது. ஆற்றல் மட்டங்களோ அச்சமன்பாட்டின் தீர்வுகளாகத் தாமே வெளிப்பட்டன. சூரியப் புள்ளியின் காந்தப்புலத்தை அளக்க விரும்பும் ஆய்வாளர், எலக்ட்ரானின் தற்சுழற்சியும் சுற்று உந்தமும் (கருவைச் சார்ந்த அதன் இயக்கத்தின் அளவு) சேர்ந்து மிகுதியாகப் பிளக்கச் செய்யும் இரும்புக் கோடுகளை இன்று அந்தக் கணக்கைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறார்.