சாத்துக்குடித் தோலும் செம்புத் தண்ணீரும்

காரைக்குடி ஜூஸ் கடைகளில் மூட்டை மூட்டையாகச் சேரும் சாத்துக்குடித் தோலை வைத்து முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும். எந்தக் கழிவுநீர் என்பதுதான் கேள்வி.

தோலின் வெள்ளைப் பகுதியில் பெக்டின் நிறைய உண்டு. ஜாம் உறைவது இதனால்தான். நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதில் வரிசையாகக் கார்பாக்சில் தொகுதிகள், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த அமிலக் கூறுகள். தண்ணீரில் இவை எதிர்மின்சுமை பெறும். சங்கிலி வளைந்து வளைந்து போவதால் பக்கவாட்டில் குழி குழியாக இருக்கும். இரண்டு பணியாரக் கல்லை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தால் எதிரெதிர்க் குழிகளுக்குள் உருண்டை அடங்குமே, அப்படி இரு சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம் அயனி அடங்கும். செம்போ காரீயமோ வந்தால் கால்சியத்தைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சுமை இரண்டுக்கும் ஒன்றுதான். பிடிப்பு செம்புக்கு அதிகம். தண்ணீரில் கால்சியம் கூடுவதை அளந்தாலே இந்த இடமாற்றம் தெரிந்துவிடும்.

பச்சைத் தோலில் பாதிக்கு மேற்பட்ட கார்பாக்சில்களை மெத்தில் தொகுதிகள் மூடியிருக்கும். அவற்றைக் கழற்றச் சுண்ணாம்பு போதும். செட்டிநாட்டில் அதற்கா பஞ்சம்! அதன் காரம் மூடியைக் கழற்றும், அதிலுள்ள கால்சியமே குழிகளை நிரப்பிச் சங்கிலிகளைக் கட்டிப்போடும். ஒரே பொருளில் இரண்டு வேலை.

தோலை நறுக்கி, ஒடித்தால் சட்டென்று முறியும் வரை வெயிலில் காயவைக்க வேண்டும்; ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அரைத்து, அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள துகளைச் சலித்து எடுக்கவும். இந்தத் தூளைக் குழாயில் நிரப்பித்தான் கழிவுநீரை விட வேண்டும்; மாவாகப் போனால் குழாயை அடைத்துவிடும். 100 கிராம் தூளுக்கு 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர். ஓர் இரவு ஊறட்டும். பிறகு மஞ்சள் போகும் வரை, பி.எச். (அமில-கார அளவு) நடுநிலையான 7-க்கு வரும் வரை அலச வேண்டும். இதில் சோம்பினால் சர்க்கரை கழிவுநீரில் கரைந்து புது மாசாகிவிடும்.

கழிவுநீரின் பி.எச். 5 அளவில் இருக்கட்டும். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் குழிகளை அடைத்துக்கொள்ளும். 6-ஐத் தாண்டினால் செம்பு தானே ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கும். பெயர் மட்டும் தோலுக்குப் போகும். கிராமுக்கு 25 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம் செம்புள்ள 1,000 லிட்டருக்கு 2 கிலோ தூள், அதாவது சுமார் 10 கிலோ பச்சைத் தோல் வேண்டும். ஆற்றில் விட அனுமதிக்கும் பொது வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

சயனைடு கலந்த முலாம் தொட்டித் தண்ணீரில் இதைச் செய்யவே கூடாது. அங்கே செம்பு எதிர்மின்சுமையோடு இருப்பதால் தோல் தொடாது. அமிலம் சேர்த்தாலோ உயிரைக் குடிக்கும் வாயு கிளம்பும். சாயப்பட்டறைகளின் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்சுமை கொண்டவையே. ஆய்வுக்கூடங்களில் மெத்திலீன் நீலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, தொண்ணூறு சதவீதம் நீங்கியது என்று எழுதுகிறார்கள். அது நேர்மின்சுமைச் சாயம், எதிலும் ஒட்டும். அந்த ஆய்வுகளுக்குப் போகும் பணத்தை ஒரு பட்டறையின் நிஜக் கழிவுநீரில் ஓராண்டு ஓடும் குழாய்க்குக் கொடுக்கலாம்.

செம்பு நிரம்பிய தூளை மாட்டுக்கும் போடக்கூடாது, உரக்குழியிலும் கொட்டக்கூடாது. லிட்டருக்கு 9 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த தண்ணீரில் அலசினால் செம்பு கழன்றுவிடும். தூளை மறுபடி சுண்ணாம்பில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். அலசிய நீர் கொஞ்சம்தான், ஆனால் செம்பு அடர்த்தி. அதில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாகவே படியவைக்கலாம். அந்த வித்தைக்கு வெளியூர் போக வேண்டாம். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில்தான் இருக்கிறது.