சிஆர்பி ஒப்பந்தம்: வாடகை வரும், வேலையும் வரும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பாக்கா கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), 1930-களின் புழுதிப் புயல்களில் மேல்மண்ணைப் பறிகொடுத்த பூமி. கோதுமையும் சோளமும் விளைந்த நிலங்களில் கணிசமானவை இன்று அங்கே புல்லாக நிற்கின்றன. அதற்காக உரிமையாளர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு ஆண்டு வாடகை கொடுக்கிறது. 1985-ல் தொடங்கிய சிஆர்பி எனும் நிலப் பாதுகாப்புத் திட்டம் இது.

"சும்மா போட்டு வைத்தால் பணம்" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு. அத்தனை ஆண்டும் புல் உயிரோடு நிற்க வேண்டும், களை அடங்கியிருக்க வேண்டும். இரண்டும் உங்கள் பொறுப்பு.

தகுதி விதிகள் எளிமையானவை. நிலம் குறைந்தது 12 மாதமாக உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. 2018 வேளாண் சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான 6 ஆண்டுகளில் 4 ஆண்டாவது பயிர் வைத்த நிலமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஆண்டு வாடகை உச்சவரம்பு 50,000 டாலர். ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். விதைக்கடையும் உரக்கடையும் படுத்துவிட்டால் ஊரே காலியாகிவிடும் என்பதால், இது நல்ல கட்டுப்பாடு என்பதே எங்கள் கருத்து.

புல் விதைக்கும் செலவில் பாதிவரை அரசு தரும். பெரும்பாலான தோல்விகள் தொடங்குவதும் இங்கேதான். விதை மூட்டையின் எடை முழுவதும் முளைக்கும் விதையல்ல. மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டில் தூய்மை 80 சதவீதம், முளைப்புத்திறன் 70 சதவீதம் என்றிருந்தால், இரண்டையும் பெருக்கினால் 56 சதவீதம்தான் தேறும். உங்கள் விதைப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு முளைக்கும் விதை 5 பவுண்டு என்றால், மூட்டையிலிருந்து ஏறக்குறைய 9 பவுண்டு போட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாதவர்களின் வயலில் புல் திட்டுத்திட்டாகத்தான் வரும்.

ஆழம் கால் முதல் அரை அங்குலம், அதற்குமேல் கூடாது. உழுது பொலபொலவென்று விட்ட மண்ணில் விதை அடியில் போய்விடும். வயலில் நடந்து பாருங்கள்: கால்தடம் அரை அங்குலத்துக்குமேல் பதிந்தால் மண் இன்னும் இறுகவில்லை. காற்று அடிக்கும் பூமியில் முந்தைய பருவம் சோளம் போட்டு, அதன் அடிக்கட்டை நிற்கும்போதே நடுவில் விதைப்பது வழக்கம். அது மண்ணையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். புளூஸ்டெம் புல்லினுடையது போன்ற பஞ்சு விதைகள் சாதாரண விதைப்பானில் அடைத்துக்கொள்ளும். அதற்கென்றே தனிப்பெட்டி உள்ள விதைப்பான் தேவை.

முதல் இரண்டு ஆண்டு களைதான் உயரமாகத் தெரியும். பதறி உழுதுவிடாதீர்கள், புல் அடியில் வேர்விட்டுக்கொண்டிருக்கும். களை விதை கட்டுமுன் உயர்த்தி வெட்டினால் போதும். ஆனால் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அனுமதியில்லாமல் வெட்டுவது ஒப்பந்த மீறல். தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கவுண்டியில் உள்ள எஃப்எஸ்ஏ (திட்டத்தை நடத்தும் மத்திய வேளாண் சேவை முகமை) அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வறட்சியில் மாடு மேய்க்கவும் அப்படித்தான்: கவுண்டிக்கு அவசர அனுமதி திறந்திருக்க வேண்டும், மாடு இறங்குமுன் விண்ணப்பமும் போயிருக்க வேண்டும்.

நடுவில் முறித்தால் தண்டனை கடுமை. அதுவரை வாங்கிய வாடகை, செலவுப் பங்கு எல்லாவற்றையும் வட்டியோடு திருப்ப வேண்டும். ஓராண்டு வாடகையில் 25 சதவீதம் நஷ்டஈடு வேறு.

நிலம் கைமாறும்போதும் ஒப்பந்தம் முறியலாம். வாங்கியவர் 60 நாளுக்குள் ஒப்பந்தத்தை ஏற்றுக் கையெழுத்திடாவிட்டால் அது ரத்தாகும், திருப்பும் சுமை விற்றவர் தலையில். எனவே யார் ஏற்பது, ஏற்காவிட்டால் யார் கட்டுவது என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் முன்பணம் கொடுக்குமுன் சிஆர்பி-1 எனும் ஒப்பந்தப் படிவத்தின் நகலையும் பராமரிப்புத் திட்டத்தையும் கேட்டு வாங்கி, வயலில் நிற்கும் புல் அந்தத் திட்டத்தில் எழுதியிருக்கும் புல்தானா என்று நேரில் பார்க்க வேண்டும்.