எக்ஸ்ரேயில் தெரியாத மணிக்கட்டு முறிவு

மணிக்கட்டு சிடி ஸ்கேனுக்காக எங்கள் பிரிவுக்கு வரும் தமிழர்களில் பலர், மேசையில் படுப்பதற்கு முன்பே ஒரு செய்தியைச் சொல்லிவிடுவார்கள்: “முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்கள்.” கீழே விழுந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். கோடாலித் தைலம் தேய்த்து, கட்டுத்துணி சுற்றி, சுளுக்குத்தான் என்ற நம்பிக்கையில் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலையையும் தொடர்ந்திருப்பார்கள். சிங்கப்பூரில் ரேடியோகிராஃபராகப் பணிபுரியும் நான் இதை எழுதுவதற்குக் காரணம், அந்தச் சில வாரங்கள் மணிக்கட்டுக்கு எவ்வளவு முக்கியமானவை என்பது நம்மவர்களிடையே போதிய அளவு பேசப்படாததுதான்.

கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டின் சிற்றெலும்புகளில் மிக எளிதில் முறிவது, கட்டைவிரல் பக்கத்தில் இருக்கும் ஸ்கேஃபாய்ட் எனப்படும் படகெலும்பு. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் இதுவும் ஒன்று. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி தெரியும். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும், விரல்களை அசைக்க முடிந்தாலும், ஸ்கேஃபாய்ட் முறிந்திருக்கலாம் என்று கருதித்தான் மருத்துவர்கள் நடந்துகொள்வார்கள். விழுந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் இத்தகைய முறிவுகளில் ஒரு பகுதி தெரியாமல் போவது உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. முறிந்த பகுதிகள் விலகாமல் இருந்தால் கோடு மிக மெல்லியதாக இருக்கும். மேலும், எக்ஸ்ரே ஒரு தட்டைப் படம் என்பதால் எட்டு எலும்புகளின் விளிம்புகளும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. எனவே ‘முறிவு தெரியவில்லை’ என்ற அறிக்கை அன்றைய படத்தைப் பற்றியது மட்டுமே. மருத்துவர் கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டு, பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடியும் வரச் சொல்வது இதனால்தான். அந்த மறுவருகையைத் தவறவிடுபவர்களைப் பற்றித்தான் என் கவலை முழுவதும்.

பிற எலும்புகளைப் போல இதுவும் தானாகக் கூடிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஸ்கேஃபாய்டுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் பெரும்பாலானவை விரல்கள் இருக்கும் பக்கத்திலிருந்து எலும்புக்குள் நுழைந்து, முழங்கையை நோக்கிப் பின்வாக்கில் ஓடுகின்றன. வாய்க்கால் நீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை வயலைப் போன்றது அந்த எலும்பின் முழங்கைப் பக்க முனை. நடுவில் முறிந்தால் அந்த முனைக்கு வரும் இரத்தம் தடைப்படுகிறது. அதனால் முறிவு கூடாமல் போகலாம். அந்த முனை உயிரிழந்தும் போகலாம். கூடாத ஸ்கேஃபாய்ட், சில ஆண்டுகளில் மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானத்தைக் கொண்டுவரக்கூடும். கையை நம்பிப் பிழைக்கும் ஓர் இளைஞருக்கு முப்பது வயதில் அப்படி நேர்வதைவிட, தொடக்கத்தில் சில வாரம் ஸ்பிளின்ட் அணிவது எவ்வளவோ மேல்.

எக்ஸ்ரேயின் தட்டைத் தன்மையைத் தாண்டிச் செல்வதே சிடி ஸ்கேனின் அடிப்படை. 1895இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் தம் மனைவியின் கையைப் படம் எடுத்த காலத்திலிருந்து எக்ஸ்ரேக்கும் கைக்கும் உறவு உண்டு. ஆனால் உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சிடி கருவியில் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது 1971இல்தான். கருவிக்குள் எக்ஸ்ரே குழாய் சுற்றிவர, பல கோணங்களிலிருந்து வரும் அளவீடுகளைக் கணினி ஒன்று சேர்த்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள படலங்களாக எலும்பைக் காட்டுகிறது. அந்தத் தரவை எந்தத் திசையிலும் மறுபடி வெட்டிப் பார்க்கலாம். ஸ்கேஃபாய்ட் மணிக்கட்டுக்குள் சாய்ந்து கிடக்கும் எலும்பு. ஆகவே அதன் நீள அச்சை ஒட்டி வெட்டினால்தான் முறிவு எவ்வளவு விலகியிருக்கிறது, எலும்பு கூனியிருக்கிறதா என்பது சரியாகத் தெரியும். ஸ்கேன் கோரும் படிவத்தில் ‘மணிக்கட்டு வலி’ என்று மட்டும் இருந்தால் எந்த எலும்பை ஒட்டி வெட்ட வேண்டும் என்ற குறிப்பு எங்களுக்குக் கிடைப்பதில்லை. எப்போது விழுந்தீர்கள், கையை எப்படி ஊன்றினீர்கள், எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை மருத்துவரிடமும், மேசையருகே எங்களிடமும் தயங்காமல் தமிழிலேயே சொல்லுங்கள். ஒரே விரலால் வலியுள்ள இடத்தைத் தொட்டுக் காட்டுவது மிகப் பெரிய உதவி.

சிடி பயன்படும் இன்னோர் இடம் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம். பூப்பந்து, டென்னிஸ், கோல்ஃப் ஆடுபவர்களுக்கு மட்டையின் கைப்பிடி முனை அங்கே அழுந்தி, ஹேமேட் என்னும் எலும்பின் கொக்கி போன்ற நீட்சி முறியலாம். வழக்கமான எக்ஸ்ரே கோணங்களில் இது பெரும்பாலும் மறைந்துவிடும். சிடியில் தெளிவாகத் தெரியும். பிடிமானம் குறைந்து, சுண்டுவிரலில் மரமரப்பும் சேர்ந்தால் தசைப்பிடிப்பு என்று மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. அந்த முறிந்த விளிம்பில் உராய்ந்து விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோவதும் உண்டு.

குளியலறையின் ஈரத் தரையில் வழுக்கி விழும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முறிவது பெரும்பாலும் முன்கை எலும்பான ரேடியஸின் கீழ்முனை. இங்கே முறிவு இருப்பதை எக்ஸ்ரேயே காட்டிவிடும். மூட்டின் வழவழப்பான பரப்பு உடைந்து படிக்கட்டாக ஏறி இறங்கியிருக்கிறதா, எத்தனை துண்டுகள், எந்தத் துண்டு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்குத்தான் சிடி தேவைப்படுகிறது. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் படிவேறுபாடு இருந்தால்கூட அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாவோ அத்தையோ நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். மணிக்கட்டு முறிவு, எலும்புப் புரை நோயின் முதல் அடையாளமாகப் பல பெண்களுக்கு அமைகிறது.

எல்லாக் கைவலிக்கும் சிடி கேட்பதும் சரியன்று. மணிக்கட்டில் நரம்பு அழுந்தி இரவில் விரல்கள் மரத்துப்போகும் கார்ப்பல் டனல் பிரச்சினைக்கு நரம்புக் கடத்தல் சோதனையும், மணிக்கட்டின் மேல் எழும் கட்டிக்கு அல்ட்ராசவுண்டும் பொருத்தமானவை. எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரின் கிழிசலையும், எலும்பு முனையின் இரத்த ஓட்டத்தையும், விலகாத நுண்ணிய முறிவையும் எம்ஆர்ஐ இன்னும் நன்றாகக் காட்டும். குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்குக் கட்டைவிரல் அடியில் வரும் தசைநாண் வலியைப் பெரும்பாலும் கையைப் பரிசோதித்தே கண்டறிந்துவிடுவார்கள். எலும்பின் வடிவம், அதன் துண்டுகள், அது கூடிவருகிறதா என்பவை குறித்த கேள்வி என்றால் சிடிக்கு நிகர் குறைவு.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடுபவர்களும் உள்ளனர். மணிக்கட்டு சிடியில் உடல் பெறும் அளவு பொதுவாக 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே மனிதர் பெறும் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். முடிந்தவரை குப்புறப் படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொல்வதற்குக் காரணம், கதிர் கையில் மட்டும் பட்டு உடலை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதே. படமும் தெளிவாக வரும். தோள்வலியால் கையை அப்படி நீட்ட முடியாதவர்கள் சொல்லிவிட்டால் வேறு நிலையில் எடுப்போம். கருவுற்றிருந்தாலோ, அப்படி இருக்கக்கூடும் என்றாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். படமெடுப்பது சில விநாடிகளில் முடிந்துவிடும். முறிவுக்காக எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் ஊசி மருந்தும் தேவையில்லை, பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. மாவுக்கட்டு இருந்தால் அதன் மேலேயே எடுக்கலாம். வளையல், ஐம்பொன் காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும், ஏனெனில் உலோகம் படத்தில் கீற்றுகளை உண்டாக்கும். கோயிலில் கட்டிய வெறும் நூல் கயிற்றைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. இதையொட்டி ஒன்று: கை அடிபட்ட உடனேயே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க நேரிடும்.

தங்கும் விடுதிகளில் வாழும் சகோதரர்களுக்குச் சில செய்திகள். வேலையின்போது விழுந்திருந்தால், வேலையிடத்தில் நடந்தது என்று முதல் மருத்துவரிடமே சொல்லிப் பதிய வையுங்கள். மேற்பார்வையாளரிடமும் அன்றே தெரிவியுங்கள். வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் பொருந்தும். உச்சவரம்புக்கு உட்பட்டு மருத்துவச் செலவையும், மருத்துவ விடுப்புக் காலச் சம்பளத்தையும் முதலாளி தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். செலவுக்கு அஞ்சி வலியை மறைக்க வேண்டாம். உள்ளூர்வாசிகள் மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தை ஆண்டு வரம்புக்குள் சிடி ஸ்கேனுக்குப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் கேட்டறியலாம். வேறு கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பழைய படத்தோடு ஒப்பிடுவது அறிக்கை எழுதும் மருத்துவருக்கு மிகவும் உதவும்.

முறிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் சிடிக்கு ஒரு வேலை மீதம் இருக்கிறது. சில வார சிகிச்சைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில் ஸ்கேஃபாய்ட் கூடிவிட்டதா என்பதை உறுதியாகச் சொல்வது கடினம். முறிவின் குறுக்கே புதிய எலும்பு எவ்வளவு தூரம் பாலமிட்டிருக்கிறது என்பதைச் சிடியில் பார்க்கலாம். பளு தூக்கும் வேலைக்குத் திரும்பவும், விளையாட்டுக்குத் திரும்பவும் மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்தே பல நேரங்களில் அனுமதி தருகிறார். அதுவரை, வலி நின்றுவிட்டது என்பதற்காக ஸ்பிளின்டை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள். ஸ்கேஃபாய்ட் கூடாமல் இருக்கும்போதே வலி ஓய்ந்து, ஆண்டுகள் கழித்துத் தேய்மானத்தோடு திரும்பி வருவது உண்டு.