ஜீவனாம்சம், சொத்து: குடும்ப நல நீதிமன்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

ஜீவனாம்சத் தொகை போதவில்லை, கட்ட முடியாத அளவுக்கு இருக்கிறது, நகை யாருக்கு என்பதில் தீர்ப்பு தவறு என எந்தக் குறையானாலும், உத்தரவில் எந்தச் சட்டப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்பது அதைப் பொறுத்தது.

விவாகரத்தோடு சேர்த்து இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமோ, திருமணத்தையொட்டி வந்து இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்கள் பற்றி 27-ஆம் பிரிவில் உத்தரவோ வந்திருந்தால், 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டில் ஊரைப் பொறுத்து சென்னை அல்லது மதுரைக் கிளை. இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். சட்டத்தையும் சாட்சியத்தையும் மறுபடி அலசும்.

வழக்கு நடக்கும்போது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் வரும் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு மேல்முறையீடு கிடையாது. அரசியலமைப்பின் 227-ஆம் பிரிவின்கீழ் சீராய்வு மனுதான் (உத்தரவில் பிழை உண்டா என்று உயர் நீதிமன்றத்தைப் பார்க்கக் கேட்பது) போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் வந்த இறுதி உத்தரவுக்கும் சீராய்வுதான். கெடு 90 நாள். இருவரும் சம்மதித்து வாங்கிய தீர்ப்பாணைக்கு மேல்முறையீடே இல்லை. சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கெடுவில்தான் நிறைய வழக்குகள் வீணாகின்றன. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு 90 நாள் என்கிறது. 90 நாள் என ஏற்ற தீர்ப்புகள் உண்டு. ஆனாலும் 30 நாளை வைத்தே ஓடுங்கள். தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். மனுப் போட்ட தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி எல்லாம் நகலிலேயே முத்திரையாக இருக்கும். நகல் தயாரிக்க ஆன நாட்கள் கெடுக் கணக்கில் சேராது. தயாரான பிறகு நீங்கள் வாங்காமல் விட்ட நாட்கள் சேரும். கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனு, ஏன் தாமதம் என்ற ஆதாரத்தோடு.

அடுத்த பெரிய தவறு, மேல்முறையீடு போட்டதும் பணம் கட்டுவதை நிறுத்துவது. வழக்கு எண் கிடைத்ததால் மட்டும் உத்தரவு நின்றுவிடாது. தடையாணை கேட்டுத் தனி மனு வேண்டும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லியே பெரும்பாலும் தடை தருவார்கள். 144-ஆம் பிரிவு உத்தரவில் பாக்கி வைத்தால் வாரண்ட் வரும், ஒரு மாதம் வரை சிறையும் உண்டு.

"தொகை அநியாயம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்த ஆவணத்தைக் கீழ் நீதிமன்றம் பார்க்கத் தவறியது என்று சான்றாவண எண்ணோடு காட்ட வேண்டும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்றும் சொன்னது. எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தில் மறைத்தது என்ன, கீழ் நீதிமன்றம் ஜீவனாம்சம் தொடங்கும் தேதியைத் தள்ளிப் போட்டதா என்பவைதான் வலுவான காரணங்கள். அங்கேயே தாக்கல் செய்திருக்கக்கூடிய வங்கிக் கணக்கையோ சம்பளச் சீட்டையோ மேல்முறையீட்டில் புதிதாக நுழைப்பது கடினம்.

தீர்ப்புக்குப் பிறகு வேலை போனது, எதிர்த்தரப்பின் வருமானம் கூடியது என்றால் அது மேல்முறையீட்டுக்கான விஷயம் அல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 25(2) அல்லது சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் அதே நீதிமன்றத்தில் தொகையை மாற்றக் கேளுங்கள்.

சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் சட்டம் இங்கே இல்லை. சீதனம், அதாவது பெண்ணுக்கென்றே தரப்பட்ட நகை, பொருள், முழுக்கப் பெண்ணுக்குரியது. கணவர் பெயரிலுள்ள வீட்டில் பங்கு கேட்பவர் தன் பணம் அதில் போனதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும்.

பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். எதிர்த்தரப்பே முந்திக்கொண்டு மேல்முறையீடு போட்டிருந்தால், நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் குறைகளை எதிர் ஆட்சேபமாக அதே வழக்கில் பதியலாம்.