ரயில் டிரெயில்: சொல்லும் பொருளும்

ரயில் போக்குவரத்து நின்றுபோன வழியில் தண்டவாளத்தையும் சிலீப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்ட பாதைதான் ரயில் டிரெயில். பல இடங்களில் குதிரையில் போகவும் அனுமதி உண்டு. ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் வேலி போட்டு அமைக்கும் பாதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

'ரயில்' நமக்கு வண்டி. ஆங்கிலத்தில் அது தண்டவாளம்தான். நேரான கோலைக் குறிக்கும் 'ரெகுலா' என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. 'டிரெயில்' என்பதற்கும் லத்தீன் வேர்தான், பொருள் இழுத்தல். இழுபட்டுப் போன பொருள் தரையில் விட்ட கோடு, விலங்கு விட்ட சுவடு, ஆட்கள் நடந்து நடந்து பதிந்த வழி என்று அதன் பொருள் விரிந்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1967இல் திறந்த எல்ராய்–ஸ்பார்ட்டா பாதையைத்தான் அந்நாட்டில் இவ்வகையின் முன்னோடி என்பார்கள். நீளம் 32 மைல். வழியில் மூன்று சுரங்கங்கள். 1983இல் அங்கே வந்த ஒரு சட்டத் திருத்தம் பெரிய உதவியாக அமைந்தது. கைவிடும் வழித்தடத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல் பாதையாக வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் ரயில் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்பெயின் 1993இல் 'பச்சை வழிகள்' என்ற பெயரில் தன் திட்டத்தைத் தொடங்கியது. நியூசிலாந்தின் ஒடாகோ பாதை 152 கி.மீ.

இந்தப் பாதைகளை 'எளிது' என்பதற்குக் காரணம் ரயில் எஞ்சின். எஃகுச் சக்கரத்துக்கு எஃகுத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றம் ஏறாது. அதனால் 100 மீட்டருக்கு 2 மீட்டருக்கு மேல் உயராதபடிதான் பெரும்பாலும் வழி வகுத்தார்கள். மேடு வந்தால் வெட்டினார்கள், பள்ளம் வந்தால் மண்கரை எழுப்பினார்கள். காட்டுக்குள் போகும்போது இருபுறமும் சுவர்போல் உயரும் மண்ணும், வயல்வெளியில் ஆளுயரத்துக்கு மேலே போகும் கரையும் அப்படி வந்தவையே.

ஆனால் எளிது என்றால் களைக்காது என்று பொருளில்லை. 1 சதவீத ஏற்றம் கண்ணுக்குச் சமதரையாகத்தான் தெரியும். அதுவே 16 கி.மீ. நீண்டால் 160 மீட்டர் ஏறியிருப்பீர்கள். இறக்கமும் அவ்வளவு மென்மையானது என்பதால் மிதிக்காமல் உருண்டு போக வாய்ப்பு குறைவு. இருக்கையிலிருந்து எழாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் பின்புறம் வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நில்லுங்கள், கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கரைமேல் நிழலும் இல்லை, காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. எதிர்காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தெம்பு இருக்கும்போதே அதை எதிர்கொள்ளும்படி கிளம்புவது நல்லது.

தார் போடாத இடங்களில் பெரும்பாலும் பொடிஜல்லியைக் கல்தூளோடு சேர்த்து உருளையால் இறுக்கியிருப்பார்கள். கூர்முனைக் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தூள் இடைவெளியை அடைக்கும். கூழாங்கல் போட்டால் சக்கரத்துக்கு அடியில் உருண்டு ஓடிவிடும். வெட்டுப் பகுதியில் ஓரக்கால்வாயை இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பாதையில் தேங்கி மேற்பரப்பு இளகும், 25 மி.மீ. அகல டயர் அங்கே புதையும். 35 முதல் 40 மி.மீ. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் சிக்கலில்லை. சுண்ணாம்புக்கல் தூள் ஈரத்தோடு சங்கிலியில் அப்பிக் காய்ந்தால் அரைக்கும். அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

நீண்ட சுரங்கத்தில் நடுப்பகலிலும் கும்மிருட்டு. விளக்கு கட்டாயம், சில சுரங்கங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பழைய பாலத்தை அகற்றிய இடத்தில் மட்டும் திடீரென்று செங்குத்தாக இறங்கிச் சாலையைக் கடக்க நேரும், கீழே வண்டியைத் தடுக்கும் கம்பம் நிற்கும். பின்னாலிருந்து குதிரையைச் சத்தமில்லாமல் நெருங்கக் கூடாது, அது மிரளும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுத்து, சவாரி செய்பவர் சரி என்ற பிறகு விலகிக் கடக்க வேண்டும்.

இனித் தமிழ்ப்பெயர். 'ரயில் பாதை' என்றால் ரயில் ஓடும் பாதை என்றே படிப்பவர் நினைப்பார். 'மிதிவண்டிப் பாதை' நடப்பவரை விட்டுவிடுகிறது. ஸ்பெயின்காரர்களைப் பார்த்து 'பசுவழி' என்று சுருக்கினால் மாடுதான் நினைவுக்கு வரும். 'தடம்' கைகொடுக்கும்: வழி என்றும் பொருள், விட்டுப்போன சுவடு என்றும் பொருள். ஆனால் 'ரயில் தடம் புரண்டது' என்று அன்றாடம் எழுதுகிறோமே, அதனால் 'பழைய' என்ற அடை இல்லாமல் ஆகாது. முதல் தடவை 'பழைய ரயில்தடப் பாதை' என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்து 'தடப்பாதை' என்றால் போதும். பலரும் பகிரும் வகைக்குச் சிலர் எழுதும் 'பல்பயன் பாதை'யைவிடப் 'பல்பயனர் பாதை' பொருத்தம். பலவாக இருப்பது போகிறவர்கள்தான், பயன் அல்ல.