சுருள் தொட்டிக்கு அடியில் கிடந்த 11 ஜாப்

கோயம்புத்தூரில் வால்வு, பம்ப் பாகங்கள் கடையும் ஒரு கம்பெனியில் பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது சொல்லப்போவது இதற்கு முன்பு நான் இருந்த இடத்தில் நடந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சிஎன்சி லேத் (கணினி சொல்கிறபடி கடையும் மெஷின்) பக்கத்தில், கடையும்போது விழும் இரும்புச் சுருளைப் போடும் தொட்டியைக் காலி செய்தபோது அடியில் 11 ஜாப், அதாவது கடைந்த பாகங்கள், கிடந்தன. எல்லாம் ஒரே ஷாஃப்ட். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் விட்டம் 0.45 மில்லிமீட்டர் குறைவு. தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணே கதையைச் சொல்லிவிடும். ஜாப் 0.05 கூடுதலாக வந்திருக்கிறது, ஆஃப்செட்டில், அதாவது மெஷினுக்குக் கொடுக்கும் திருத்த அளவில், மைனஸ் 0.05 போட வேண்டிய இடத்தில் யாரோ மைனஸ் 0.5 போட்டுவிட்டார்கள்.

போட்டவன் ஐடிஐ முடித்துவிட்டு அப்ரன்டிஸாக வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். திட்டவில்லை. "ஏங் கண்ணு, ஆஃப்செட் போட்டதும் முதல் ஜாப்பை அளந்து பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டேன். "கவுன்ட் குறைஞ்சா சத்தம் போடுவாங்கன்னு ஓட்டிட்டேன் சார். செட்டர் அண்ணன் ஒரு தடவைதான் சொல்வேன்னு முதல்லயே சொல்லிட்டாரு. மறுபடி கேட்க பயமா இருந்துச்சு" என்றான்.

ஒளித்து வைத்தானே என்று பலருக்குக் கோபம். எனக்கோ உள்ளூர ஒரு நிம்மதி. பயத்தில் அந்த 11 ஜாப்பையும் நல்ல ஜாப் இருக்கும் ட்ரேயில் கலந்துவிட்டிருந்தால்?

அடுத்து, மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் அந்த செட்டரைக் கூப்பிட்டுப் பேசினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான்கு மெஷினுக்கு அவர்தான் செட்டிங். ஷிப்ட் கணக்கு குறைந்தால் அவருடைய இன்சென்டிவ் போகும். பையனுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அந்த அரை மணியை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. "சொல்லிக்கொடுக்கிறதுக்கு எனக்கு என்ன சார் கிடைக்குது, லாஸ்தான்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஆதரவு என்றால் வரவேற்பு விழா, பை, டைரி, மேலாளர் பேச்சு என்று நினைக்கிற கம்பெனிகள் நிறைய. அதெல்லாம் தப்பில்லை, இருக்கட்டும். ஆனால் சொல்லிக்கொடுப்பவரின் நேரத்தைக் கம்பெனி கணக்கில் எழுதுகிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. இப்போது இருக்கும் இடத்தில், அப்ரன்டிஸ் வைத்திருக்கும் செட்டருக்கு முதல் மூன்று மாதம் தினமும் 45 நிமிடம் டார்கெட்டில் கழித்துவிடுகிறோம். இதற்கு ஒப்புதல் வாங்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. உற்பத்திப் பிரிவுக்காரர்கள் இன்னமும் என்னைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். சரி, பழகிவிட்டது.

சட்டம் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும். 2019இல் திருத்திய விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. சட்டத்தின் கண்ணில் அப்ரன்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. அதே சமயம் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும், பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது நிறுவனம்தான். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது.

பெற்றோர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால் எத்தனை மாதம் உழைத்தாலும் கடைசியில் அப்ரன்டிஸ் சான்றிதழ் வராது. சந்தேகம் இருந்தால் ஐடிஐ பிள்ளைகள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும், டிப்ளமோ, டிகிரி முடித்தவர்கள் சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்திலும் கேட்கலாம். ஒரிஜினல் மார்க்ஷீட்டைக் கொடு, திருப்பித் தர மாட்டோம் என்று எந்தக் கம்பெனியாவது சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள்.

அப்புறம் பணம். உதவித்தொகை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது விதி. ஒன்றாம் தேதி சேர்ந்தவன் கையில் காசு பார்க்க 40 நாள் ஆகலாம். தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வருகிறவனுக்கு ரூம் அட்வான்ஸ், மெஸ், பஸ் எல்லாம் அந்த 40 நாளில்தான். காலையில் டீ, பன்னோடு நைட் ஷிப்ட் வரை ஓட்டிய ஒருவனை மெஷின் முன்னால் மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்துகொண்டோம். நல்லவேளை, பின்பக்கமாக விழுந்தான். அதற்குப் பிறகு சேர்ந்த வாரமே 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்து ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்கிறோம். இதுவரை யாரும் அதை வாங்கிக்கொண்டு ஓடவில்லை.

பட்டதாரிப் பயிற்சியாளர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பசி பிரச்சினை குறைவு, கௌரவம்தான் பிரச்சினை. டிகிரி முடித்துவிட்டு வெர்னியர் என்ற அளவுகருவியைப் படிக்கத் தடுமாறுவதை ஐடிஐ பையன் முன்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. கல்லூரி லேபில் ஐந்து பேருக்கு ஒரு வெர்னியர் இருந்திருக்கும், ஒருவன் அளந்ததை நான்கு பேர் ரெக்கார்டில் எழுதியிருப்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அதனால் முதல் மூன்று வாரம் பட்டதாரியையும் ஐடிஐ அப்ரன்டிஸையும் ஒரே பெஞ்சில் ஜோடியாக நிறுத்துகிறேன். இருவருக்கும் ஃபைலிங் (அரத்தால் ராவுவது), இருவருக்கும் அளவெடுப்பு. டிராயிங்கில் இருக்கும் டாலரன்ஸ் குறி (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது) ஏன் அப்படி என்று பட்டதாரி சொல்ல, அரத்தை எப்படிப் பிடித்தால் விளிம்பு வட்டமாகாது என்று ஐடிஐ பையன் காட்டுவான். நாலாவது நாளே "மச்சி" ஆகிவிடுகிறார்கள். அதன் பிறகு கேட்பதற்கு வெட்கம் எங்கே இருக்கிறது?

பயிற்சி டைரி பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் ஆய்வுக்கு முந்தின நாள் ஒருவன் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதுவதுதான் டைரி. நான் ஒரு நாளைக்கு மூன்று வரிதான் கேட்கிறேன்: இன்றைக்கு என்ன செய்தாய், எங்கே முட்டிக்கொண்டாய், யாரிடம் கேட்டாய். சனிக்கிழமை உட்கார்ந்து படிப்பேன். மூன்றாவது வரி ஒரு வாரம் முழுக்கக் காலியாக இருந்தால் திங்கள் காலையில் அந்தப் பையன் பக்கத்தில் போய் நிற்பேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை, அவன் வாயை மூடிக்கொண்டான் என்று அர்த்தம்.

பாதுகாப்பு வகுப்பில் சொன்னதை நாமே மீறுவதும் நடக்கிறது. சுழலும் மெஷின் பக்கத்தில் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது என்று பாடம் எடுத்துவிட்டு, கழுத்தில் நாடாவோடு ஐடி கார்டு மாட்டி அனுப்பியவர்கள் நாங்கள்தான். லேத் ஓட்டும் ஒரு டர்னர் அண்ணன்தான் பார்த்துவிட்டு, கழற்றிப் பையில் போடச் சொன்னார். இப்போது கார்டு சட்டையில் கிளிப்.

போன வருடம் வந்த ஒரு டிப்ளமோ பெண் ஒரு மாதம் நொண்டி நொண்டி நடந்தாள். கேட்டால் "ஒண்ணுமில்ல சார்." அவளோடு வந்த பெண்தான் சொன்னாள், ஸ்டோர்ஸில் ஆறாம் நம்பருக்குக் கீழே சேஃப்டி ஷூ கிடையாது, உள்ளே துணியை அடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. அடுத்த பேட்ச் ஆகஸ்டில் வருகிறது, அதில் எட்டுப் பெண்கள். நாலாம் நம்பர், ஐந்தாம் நம்பர் ஷூ இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆள் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாமே சார் என்கிறார் ஸ்டோர்ஸ்காரர். நாளைக்கு மறுபடி போய்க் கேட்க வேண்டும்.